நன்றி சொல்லப் போன கதை

வாங்கின கடனைத் திருப்பிக் கொடுக்கப் போகிறோம். கொடுத்தவர், "எந்தக் கடன்? நான் எப்போது கொடுத்தேன்?" என்று கேட்கிறார். மறந்துபோய்க் கேட்கவில்லை, பெருந்தன்மைக்காகவும் கேட்கவில்லை. நிஜமாகவே அதைக் கடன் என்று அவர் எந்தக் கணக்கிலும் எழுதி வைக்கவில்லை. அந்த நிமிஷத்தில் சட்டைப் பையில் இருக்கிற பணத்தை என்ன செய்வது? அசட்டுச் சிரிப்புடன் நிற்பதைத் தவிர வேறு வழி கிடையாது. 2023ஆம் வருஷம் பிப்ரவரி மாதத்தில் ஒரு நாள், ஐஸ்வால் நகரத்தில் ஒரு வீட்டு வாசலில் நான் அப்படித்தான் நின்றேன்.

ஐஸ்வால் மிசோரம் மாநிலத்தின் தலைநகரம். மலை முகட்டின் மேலும் சரிவுகளிலுமாகத் தொற்றிக்கொண்டிருக்கிற ஊர். சாலை மட்டத்தில் இருக்கிற வாசலில் நுழைந்தால், நாம் நிற்பது மூன்றாவது மாடி என்று ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்த பிறகுதான் தெரியும். மற்ற இரண்டு மாடிகளும் காலுக்குக் கீழே சரிவில் இறங்கியிருக்கும்.

என் தம்பி அங்கே மத்திய சர்க்கார் ஆபீஸ் ஒன்றில் வேலையாக இருந்தான். மாற்றல் உத்தரவு வந்தபோது அவனைத் தவிர வீட்டில் எல்லோரும் கண் கலங்கினோம். மனைவியையும் ஐந்து வயசுப் பெண்ணையும் அழைத்துக்கொண்டு அவன் சிரித்துக்கொண்டே ரயிலேறினான். "அண்ணே, இங்கே ஞாயிற்றுக்கிழமை ஒரு கடை திறக்க மாட்டான். சனிக்கிழமை காப்பிப்பொடி வாங்க மறந்தால் திங்கட்கிழமைதான் காப்பி" என்று டெலிபோனில் சொல்லுவான். சமவெளியிலிருந்து வருகிறவர்களை அங்கே 'வாய்' என்று சொல்வது வழக்கம். அது வசவு இல்லை, உறவும் இல்லை. "ஊரில் நான் வாயில்லாப் பூச்சி. இங்கே வந்து வாயாகிவிட்டேன்" என்பான் தம்பி.

2019ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் அவனுக்கு மார்வலி வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே முடிந்துவிட்டது. அவனுக்கு நாற்பது வயசுகூட ஆகவில்லை.

செய்தி வந்ததும் நான் கிளம்பினேன். சென்னையிலிருந்து கல்கத்தா போய், அங்கிருந்து ஐஸ்வாலுக்கு விமானம் ஏற வேண்டும். அதற்கான விமான நிலையம் லெங்புய் என்ற இடத்தில் மலைகளுக்கு நடுவே இருக்கிறது. மழைக்காலத்தில் மேகம் இறங்கிவிட்டால் விமானம் இறங்க முடியாது. அன்றைக்கும் முடியவில்லை, மறுநாளும் முடியவில்லை. கல்கத்தா விமான நிலையத்தின் பெஞ்சியில் உட்கார்ந்துகொண்டு நான் நினைத்ததெல்லாம் செத்தவனைப் பற்றி இல்லை. பாஷை தெரியாத ஊரில், சவத்தைக் கூடத்தில் போட்டுக்கொண்டு, சின்னக் குழந்தையுடன் ஒரு பெண் தனியாக இரண்டு இரவு எப்படி இருப்பாள் என்பதுதான் என்னைக் கொன்றது.

செவ்வாய்க்கிழமை நடுப்பகலில் போய்ச் சேர்ந்தேன். அந்த வீட்டுக்குப் போகிற படிக்கட்டு முழுவதும் செருப்புகள்.

கூடத்தில் முப்பது நாற்பது பேர் இருந்தார்கள். மேலே கறுப்புப் போர்வை போர்த்தி, தம்பியைப் பெட்டியில் கிடத்தியிருந்தார்கள். வயசுப் பையன்கள் சுவரோரமாக உட்கார்ந்து, மெல்லிய குரலில் ஏதோ பாடிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் மத்தளம் போன்ற ஒரு வாத்தியத்தை, தூங்குகிற குழந்தையைத் தட்டிக் கொடுப்பது போலத் தட்டிக்கொண்டிருந்தான். 'குவாங்' என்று அதற்குப் பெயர். சமையலறையில் நாலைந்து பெண்கள் பெரிய பாத்திரத்தில் டீ போட்டுக்கொண்டிருந்தார்கள். தம்பி மகள் முன்பின் தெரியாத ஒரு கிழவியின் மடியில் தலை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். தம்பி மனைவி என்னைப் பார்த்ததும், "வந்தீங்களா மாமா" என்று விம்மினாள். அழுது ஓய்ந்த பிறகு முதலில் சொன்னது இதுதான்: "என்னை ஒரு நிமிஷம்கூடத் தனியா விடலே, மாமா. ராத்திரி பூரா பாடிக்கிட்டே இருந்தாங்க."

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே ஒலிபெருக்கியில் அந்தப் பேட்டை முழுவதும் கேட்கும்படி மரணச் செய்தியைச் சொல்லிவிட்டார்களாம். அது அங்கே வழக்கம். பேட்டைக்குப் பேட்டை இளைஞர் சங்கம் உண்டு. யங் மிசோ அசோசியேஷன் என்பது அதன் பெயர். 1935ஆம் வருஷம் ஆரம்பித்தது. யார் வீட்டில் சாவு விழுந்தாலும் அவர்கள்தான் ஓடி வருகிறார்கள். குழி வெட்டுவதும் பெட்டி தூக்குவதும் இரவில் துணைக்குப் படுப்பதும் அவர்கள் பொறுப்பு. மற்றபடி வீட்டை நிறைக்கிறவர்கள் அந்தப் பேட்டைச் சபையைச் சேர்ந்த ஜனங்கள். தம்பி அவர்கள் கோயிலுக்கு ஒரு நாளும் போனவன் இல்லை; சங்கத்துக்குச் சந்தா கட்டியவனும் இல்லை. அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

மறுநாள் வானம் வெளுத்தது. பெட்டியைப் படியேற்றிச் சாலைக்குக் கொண்டுபோக வேண்டும். முன்னால் தோள் கொடுத்தவர்களில் அறுபது வயசு தாண்டின ஒருவர் இருந்தார். பையன்கள் அவரை விலக்கப் பார்த்தார்கள், அவர் விலகவில்லை. லெங்புய் வரையில் நாலைந்து வண்டிகள் கூட வந்தன. விமானம் கிளம்புகிற வரைக்கும் யாரும் திரும்பிப் போகவில்லை.

ஊருக்கு வந்து காரியங்களெல்லாம் முடிந்த பிறகு தம்பி மனைவி ஒரு துணிப்பையை என்னிடம் கொடுத்தாள். உள்ளே பத்தும் ஐம்பதும் நூறுமாக நோட்டுகள். துக்க வீட்டுக்கு வந்தவர்கள் வைத்துவிட்டுப் போனது. நம் ஊர் மொய் எனக்குத் தெரியும். நோட்டுப் புத்தகத்தில் பெயர் எழுதி, தொகை எழுதி, திருப்பிச் செய்கிற நாளுக்காகப் பெட்டியில் பத்திரப்படுத்துகிற சமாசாரம் அது. இந்தப் பையில் ஒரு சீட்டு இல்லை, ஒரு பெயர் இல்லை. யாருக்குத் திருப்பிச் செய்வது?

அதுதான் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. மறு வருஷம் போகலாம் என்று நினைத்தேன். 2020இல் கொள்ளை நோய் வந்து உலகமே கதவைச் சாத்திக்கொண்டது. பிறகு ஒரு தொடர்கதை, பிறகு இன்னொன்று. கடைசியில் கிளம்பும்போது மூன்றரை வருஷம் ஓடியிருந்தது. ஒரு கவரில் இருபத்தையாயிரம் ரூபாய் வைத்து ஒட்டிக்கொண்டேன்.

பெட்டிக்குத் தோள் கொடுத்த பெரியவர் வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. அவர் அந்தப் பேட்டைச் சபையின் மூப்பர்களில் ஒருவர். 'உபா' என்று அங்கே சொல்கிறார்கள்.

இந்த இடத்தில் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். சென்னை எழும்பூரில், 1821ஆம் வருஷம் ஸ்காட்லாந்துச் சபையாருக்காகக் கட்டின வட்டமான கோயில் ஒன்று இருக்கிறது. ரயிலுக்குப் போகும்போதும் வரும்போதும் நூறு தடவை அதைப் பார்த்திருக்கிறேன். பிரஸ்பிடேரியன் என்ற வார்த்தைக்கு அர்த்தம் என்ன என்று ஒரு நாளும் கேட்டதில்லை. கிரேக்க பாஷையில் மூத்தவர் என்று பொருள்படுகிற சொல்லிலிருந்து வந்ததாம் அது. பிஷப் என்று மேலே ஒருவர் கிடையாது. சபையார் தேர்ந்தெடுத்த மூப்பர்களும் போதகரும் சேர்ந்து உட்கார்ந்து காரியங்களை நடத்துகிற முறை. ஸ்காட்லாந்தில் வேர் விட்டது. மிசோ மலைக்கு வேல்ஸ் தேசத்திலிருந்து வந்து சேர்ந்தது.

அதற்கும் முன்னால், 1894ஆம் வருஷம் ஜனவரி 11ஆம் தேதி, லொரைன், சாவிட்ஜ் என்ற இரண்டு வெள்ளைக்காரர்கள் ஆற்றில் படகில் வந்து சாய்ராங் என்ற இடத்தில் இறங்கினார்கள். நாலு வருஷம் இருந்து அந்தப் பாஷைக்கு எழுத்து ஏற்படுத்தி, இலக்கணமும் அகராதியும் தயாரித்துவிட்டுப் போனார்கள். 1897இல் டி. ஈ. ஜோன்ஸ் என்ற வேல்ஸ் பாதிரியார் வந்தார். 1899இல் இரண்டே இரண்டு பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள். 2011ஆம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கில் அந்த மாநிலத்தில் நூற்றுக்கு எண்பத்தேழு பேர் கிறிஸ்தவர்கள். அந்தச் சாய்ராங்குக்கு 2025ஆம் வருஷம் செப்டம்பர் 13ஆம் தேதி ரயிலே வந்துவிட்டது.

உபா என்னை அடையாளம் கண்டுகொண்டார். டீ வந்தது. அவருக்குத் தெரிந்த இங்கிலீஷும் எனக்குத் தெரிந்த இங்கிலீஷும் ஒன்றையொன்று தாங்கிப் பிடித்துக்கொண்டன. நான் கவரை எடுத்து நீட்டி, மனப்பாடம் பண்ணி வைத்திருந்த நாலு வாக்கியங்களைச் சொன்னேன்.

"இது எதற்கு?" என்றார்.

"நீங்கள் செய்ததற்கு."

"என்ன செய்தோம்?"

வேஷம் போடவில்லை. யோசித்துத்தான் கேட்டார்.

"சபைக்காவது வைத்துக்கொள்ளுங்கள்" என்றேன்.

"சபைக்குக் கொடுக்க இஷ்டம் இருந்தால் ஞாயிற்றுக்கிழமை வந்து கொடுங்கள். அது வேறு. செத்தவனைத் தூக்கினதற்குக் கொடுக்கிறீர்களே, இது வேறு" என்றார். கவர் மேஜை மேலேயே கிடந்தது.

பேச்சு எங்கெங்கோ போயிற்று. அவருக்கு எட்டு வயசாக இருக்கும்போது, 1966ஆம் வருஷம் மார்ச் 5ஆம் தேதி, ஐஸ்வால் மேல் விமானங்கள் குண்டு போட்டன. நம் நாட்டு விமானங்கள்; நம் நாட்டு ஊர். 1959இல் மூங்கில் காடெல்லாம் பூத்தது. காயைத் தின்று எலிகள் பெருகின. பெருகின எலிகள் வயலில் இறங்கிப் பஞ்சம் வந்தது. பஞ்சத்தை சர்க்கார் கவனிக்கவில்லை என்ற ஆத்திரத்தில் பிறந்தது அந்தக் கலகம். அதை அடக்குவதற்காக ஊர் ஊராகக் கிளப்பி, சாலையோர முகாம்களில் குடிவைத்தார்கள். காலி செய்த கிராமங்களைக் கொளுத்தினார்கள். இருபது வருஷம். 1986ஆம் வருஷம் ஜூன் 30ஆம் தேதி சமாதான ஒப்பந்தம் கையெழுத்தாகிற வரைக்கும். இரண்டு பக்கமும் போய்ப் போய்ப் பேசினவர்களில் சபைத் தலைவர்களும் உண்டு.

இதையெல்லாம் அவர் பக்கத்து வீட்டுக் கதை போலச் சொன்னார். காட்டுக்குள் ஓடி ஒளிந்தபோது தங்கையின் வாயைத் தாயார் கையால் பொத்தினதைச் சொன்னார். எனக்கு டீ இறங்கவில்லை. அந்த சர்க்காரின் உத்தியோகஸ்தனைத்தானே இவர் தோளில் சுமந்தார்!

"உங்களுக்குக் கோபம் இல்லையா?" என்று கேட்டேன்.

"இருந்தது. இப்போதும் கொஞ்சம் இருக்கிறது. ஆனால் ஒரு குழந்தை அழுகிறபோது அதை எங்கே எடுத்து வைத்துக்கொண்டு உட்காருவது?" என்றார்.

அப்போது அவர் மனைவி உள்ளே உலை வைத்துக்கொண்டிருந்தாள். கதவு திறந்திருந்ததால் பார்த்தேன். அரிசியை அளந்து போட்டாள். பிறகு அதிலிருந்தே ஒரு கைப்பிடி எடுத்துப் பக்கத்தில் இருந்த ஒரு டப்பாவில் போட்டு மூடினாள். நான் எழுந்தேவிட்டேன். என் தாயார் செய்கிற காரியம்! கும்பகோணத்துப் பக்கத்தில் எங்கள் கிராமத்து வீட்டில், உலையில் அரிசி போடும் முன்னால் ஒரு பிடியை மண் கலயத்தில் போடுவாள். கோயிலுக்கோ ஏழைக்கோ போகிற பிடி அரிசி. அம்மாவோடு அந்தக் கலயமும் போய்விட்டது.

அங்கே அதற்குப் 'புஃபாய் தாம்' என்று பெயர். புஃபாய் என்றால் அரிசி. தாம் என்றால் கைப்பிடி. 1910ஆம் வருஷம் சபைப் பெண்கள் ஆரம்பித்தது. ஆரம்பித்த மறு வருஷமே மூங்கில் பூத்துப் பஞ்சம் வந்தது என்றால், அந்த ஒரு பிடியின் எடை என்ன என்று யோசித்துக்கொள்ளுங்கள். வேளைக்கு ஒரு பிடி. வாரா வாரம் பெண்கள் வீடு வீடாகப் போய் வாங்கிச் சேர்த்து, விற்றுப் பணமாக்குகிறார்கள். சுள்ளி பொறுக்கப் போன காலத்தில் விறகிலும் ஒரு கட்டை சபைக்கென்று எடுத்து வைப்பார்களாம். காசைக் கண்ணால் பார்க்காத ஜனங்கள் கொடுக்கக் கண்டுபிடித்த வழி அது. இன்றைக்கு அந்தக் கைப்பிடிகள் வருஷத்துக்குக் கோடிக்கணக்கான ரூபாயாகச் சேருகின்றன. ஊழியர்களின் சம்பளம், தூர தேசத்து ஊழியம் என்று எத்தனையோ அதில் நடக்கிறது.

இதைப் படித்துவிட்டு அங்கே தேவர்கள் குடியிருக்கிறார்கள் என்று யாரும் நினைக்க வேண்டாம். நெடுங்காலம் வரையில் அரிசி சேர்த்தவர்கள் பெண்கள். மூப்பர் நாற்காலியில் உட்கார்ந்து கணக்குப் பார்த்தவர்கள் ஆண்கள். "சார், ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகாவிட்டால் திங்கட்கிழமை நாலு பேர் விசாரிப்பார்கள். அன்பாகத்தான் விசாரிப்பார்கள். ஆனால் எல்லா ஜன்னலிலும் ஒரு கண் இருக்கிறது" என்று ஓர் இளைஞன் என்னிடம் முறையிட்டான். அவன் சொன்னதும் வாஸ்தவம்தான். சாவுக்கு நாற்பது பேர் வருகிற ஊரில், வாழ்கிறபோதும் அந்த நாற்பது பேர் கூடவே இருப்பார்கள். ஒன்று வேண்டும், மற்றது வேண்டாம் என்றால் நடக்காது.

புறப்படும்போது, நன்றி என்பதை உங்கள் பாஷையில் எப்படிச் சொல்வது என்று கேட்டேன்.

"க லோம் ஏ" என்றார் உபா. "எனக்குச் சந்தோஷம் என்று அர்த்தம். அவ்வளவுதான்."

மலைப் புனத்தில் ஒருவர் வேலையை மற்றவர் முறை வைத்துச் செய்து கொடுக்கிற கூட்டாளிக்கும் 'லோம்' என்றுதான் பெயராம். உச்சரிப்பில் இழுப்பு கொஞ்சம் மாறும். என் புத்தி அதைப் பிடித்துக்கொண்டது. நம் நன்றியில் கடன்பட்டவனின் குனிவு இருக்கிறது. செய்ந்நன்றி என்று சொல்லும்போதே முதுகு கொஞ்சம் வளைகிறது. இவர்கள் சொல்லில் பட்டவனும் இல்லை, கொடுத்தவனும் இல்லை. இன்று உன் புனம், நாளை என் புனம். அதற்குப் பணம் கொடுக்க வந்தவன், "உன் புனத்துக்கு நான் வரமாட்டேன், கூலியை வாங்கிக்கொள்" என்று சொன்ன மாதிரி ஆகிவிடுகிறது. என் கவரின் உண்மையான அர்த்தம் அதுதான் என்று புரிந்தபோது எனக்குக் காது சூடேறியது. கவரை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, "க லோம் ஏ" என்றேன். உச்சரிப்பு கோணலாக இருந்திருக்க வேண்டும்; உபாவின் மனைவி வாய்விட்டுச் சிரித்தாள்.

அந்தச் சூடு அவமானம் மட்டும் இல்லை. ஒன்றை நான் இதுவரையில் மறைத்துவிட்டேன். நான் ஐஸ்வாலுக்குப் போவதற்கு முந்தின வருஷம், சென்னையில் நாங்கள் இருக்கிற அடுக்கு வீட்டில் மூன்றாம் மாடிக்காரர் ஒருவர் காலமானார். எனக்கு நேர் மேல் வீடு. அன்றைக்கு ராத்திரி மேலே அழுகைச் சத்தம் கேட்டது. டெலிவிஷன் என்று நினைத்து ஜன்னலைச் சாத்திக்கொண்டு அத்தியாயத்தை முடித்தேன். அவர் போய்விட்டார் என்று வாட்ச்மேன் சொன்னது மூன்றாம் நாள். அதற்கப்புறம் போய் விசாரிக்க வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்திலேயே வருஷங்கள் ஓடிவிட்டன.

ஊருக்குத் திரும்பினதும் ஒரு டப்பாவைக் கழுவித் துடைத்து அடுப்படியில் வைத்தேன். தினம் ஒரு பிடி அரிசி போட வேண்டும் என்று மனைவியிடம் சொல்லி, கதை முழுவதையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள். "போடறதைப் பத்தி ஒண்ணும் இல்லே. யார் வந்து வாங்கிண்டு போவா?" என்றாள்.

நான் பதில் சொல்லவில்லை. கும்பகோணத்துக் கலயமும் ஐஸ்வால் டப்பாவும் நிறைவதற்குக் காரணம் போடுகிற கை மட்டும் இல்லை. வாரத்துக்கு ஒரு தடவை யாரோ வந்து கதவைத் தட்டுகிறார்கள். தட்டுகிறவர்கள் இல்லாவிட்டால் அது வெறும் டப்பா. எங்கள் டப்பாவில் இரண்டு மாசத்துக்கெல்லாம் வண்டு விழுந்துவிட்டது.

போன வாரம் நான் மூன்றாம் மாடிக்குப் போனேன். கையில் ஒன்றும் எடுத்துப் போகவில்லை. கவர் பாடம் நன்றாக ஞாபகம் இருந்தது. மணியை அழுத்தினேன். அந்த அம்மாள் கதவைப் பாதி திறந்து, மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு என்னைப் பார்த்தார்.

"சங்கத்துக்கு நன்கொடையா? எவ்வளவு?" என்று கேட்டுவிட்டு, நான் வாயைத் திறப்பதற்குள் பர்ஸை எடுக்க உள்ளே திரும்பினார்.

"இல்லேம்மா. கீழ் வீட்டிலேருந்து வரேன். சும்மாத்தான்" என்றேன்.

அவருக்கு முதலில் விளங்கவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பிறகு கதவை முழுசாகத் திறந்தார்.